எது முந்தி நடந்தது

போன மாதம் ஓர் இளம் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெற்ற பாடசாலையில் இப்போது பௌதிகவியல் படிப்பிப்பவர். உயர்தரக் கணிதப் பிரிவில் இந்த வருடம் இரண்டே பிள்ளைகள்தானாம். அடுத்த வருடத்துக்கு ஒருவரும் சேரவில்லையாம், பிரிவை மூடிவிடுவார்களாம். தன்னையும் வேறெங்காவது மாற்றுவார்கள் என்றார். அதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் கேட்டார்: "அந்த ரெண்டு பேருக்காவது சார்புக் கொள்கையை ஒழுங்காச் சொல்லிக் குடுத்திட்டுப் போவம் எண்டு பாக்கிறன் சேர். நீங்கள் எதிலயிருந்து தொடங்குவீங்கள்?"

எழுதி அனுப்புகிறேன் என்றேன். அன்றிலிருந்து எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்தால் வினோஜாவின் முகம் வந்து நிற்கிறது. அவளைத் தள்ளிவைத்துவிட்டு அந்தப் பாடத்தை எழுத என்னால் முடியவில்லை. ஆகவே பிள்ளை, நீர் கேட்டது இதற்குள் எங்காவது கிடக்கும், பொறுக்கி எடுத்துக்கொள்ளும்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காணி கொடுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வட்டக்கச்சிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா வயலோடு மாரடித்து என்னைப் படிக்க அனுப்பினார். பட்டம் பெற்று ஆசிரியனாக வந்த நாளிலிருந்து இடம்பெயர்வுதான். புளியமரத்தின் கீழும் கோயில் மடத்திலும் தறப்பாள் கொட்டகையிலும் படிப்பித்திருக்கிறேன். ஒவ்வொரு முறை ஓடும்போதும் உழவு இயந்திரத்தில் முதலில் கரும்பலகையை ஏற்றுவேன், பிறகுதான் அரிசி மூட்டை. மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். யுத்தம் எல்லாம் முடிந்து, முகாமிலிருந்து விடப்பட்டு, கூரையில்லாத பாடசாலைக்கு நாங்கள் திரும்பி வந்தபோது அந்தக் கரும்பலகையும் எங்களிடம் இருக்கவில்லை.

பாடத்திட்டத்தில் சிறப்புச் சார்புக் கொள்கைக்கு இடம் இல்லை என்றே சொல்லலாம். கடைசிப் பக்கமாக, திணிவையும் சக்தியையும் இணைக்கும் அந்தச் சமன்பாடு மட்டும் வரும். பிள்ளைகள் அதில் இலக்கத்தைப் பிரதியிட்டு விடை எழுதுவார்கள், புள்ளியும் கிடைக்கும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முழிப்பார்கள். எனக்கு அது பொறுக்காது. அந்த ஒரு வரிக்காக மூன்று வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களை எடுப்பேன். பாடசாலை விட்ட பிறகு, விரும்பிய பிள்ளைகளுக்கு மட்டும்.

இன்னொன்றும் எனக்குப் பொறுக்காது. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் யாராவது ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டு, "எல்லாம் சார்பு எண்டு உங்கட விஞ்ஞானமே சொல்லுதுதானே மாஸ்டர்" என்பார். அப்படிச் சொல்லும் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. அந்தக் கொள்கை தொடங்குவதே மாறாத ஒன்றிலிருந்துதான். நீ நின்றால் என்ன, ஓடினால் என்ன, விளக்கை நோக்கிப் போனால் என்ன, விலகிப் போனால் என்ன, நீ அளக்கும் ஒளியின் கதி ஒன்றே. அதில் இயற்கை பிடிவாதமாக நிற்கிறது. அதனால்தான் நீளமும் நேரமும் 'ஒரே நேரம்' என்று நாங்கள் சொல்லும் சொல்லும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பிள்ளை, ஒளிக்கு வந்ததும் இதைத்தான் முதலில் சொல்லவேண்டும். மாறுவதை முதலில் சொன்னால் பிள்ளைகள் அதைக் கண்கட்டு வித்தை என்று நினைத்துவிடுவார்கள்.

எங்கள் பாடசாலை அதிபர் வர்த்தகம் படித்தவர். கையில் எப்போதும் ஒரு திறப்புக் கோர்வை இருக்கும். கதிரை, வாளி, மணி, அலுமாரி எல்லாவற்றையும் ஒருமுறை தொலைத்த பாடசாலை அது, ஆகையால் கிடைத்த எல்லாவற்றையும் பூட்டி வைப்பார். நடந்து வரும்போது அந்தத் திறப்புகளின் சத்தம் தூரத்திலேயே கேட்கும். வகுப்பறையை நெருங்கியதும் சத்தம் நின்றுவிடும். பாடம் குழம்பக்கூடாது என்று கோர்வையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு யன்னலோரம் நிற்பார். எவ்வளவு நேரமும் நிற்பார். பாடம் முடிந்து நான் வெளியே வந்தால் எப்போதும் ஒரே கேள்விதான்.

"நல்லாயிருந்தது மாஸ்டர். பரீட்சைக்கு வருமோ?"

ஆசிரியர் அறையில் நாங்கள் இதைச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் அவர் நக்கலுக்குக் கேட்டவர் அல்லர். இந்த மண்ணிலிருந்து ஒரு பிள்ளை வெளியேற ஒரே ஒரு பேருந்துதான் உண்டு, அதற்குப் பரீட்சை என்று பெயர் என்று நம்பியவர். அந்த நம்பிக்கையைப் பிழை என்று சொல்ல என்னிடம் அன்றும் ஆதாரம் இருக்கவில்லை.

திரும்பி வந்த முதல் வருடங்களில் ஒரு வேடிக்கை நடந்தது. சார்புக் கொள்கையை உலகம் முழுவதும் ரயிலை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் கரும்பலகையில் ஒரு ரயிலைக் கீறிவிட்டு, "ரயிலில போன ஆக்கள் கையைத் தூக்குங்கோ" என்றேன். ஒரு கையும் எழவில்லை. "கண்ட ஆக்கள்?" அதற்கும் இல்லை. அந்தப் பிள்ளைகள் பிறக்கும் முன்பே வன்னியில் தண்டவாளம் போய்விட்டது. பின்வாங்கிலிருந்து ஒரு பொடியன் எழும்பினான்.

"ரயில் தெரியாது சேர். தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டை தெரியும். எங்கட பங்கருக்கு மேல போட்டிருந்தது."

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு பேருந்தை வைத்துச் சொல்லி ஒப்பேற்றினேன்.

கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்த பிறகு, பிள்ளைகளை ஒருநாள் நிலையத்துக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்டேன். அதிபர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "வராது" என்றேன். சனிக்கிழமை என்றால் போங்கோ என்றார். நாங்கள் போய் நின்ற கொஞ்ச நேரத்தில் அவரும் சைக்கிளில் வந்து இறங்கினார். நான் எதைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று பார்க்க வந்திருப்பார். ரயில் வந்து நின்று மறுபடி மெல்ல நகர்ந்தபோது ஒரு பிள்ளை என் கையைப் பிடித்து, "சேர், நாங்கள் நிக்கிற இடம் போகுது" என்றாள். அதுதான் வினோஜா. அந்த ஒரு வசனத்துக்காக நான் வருடக்கணக்காகக் காத்திருந்தேன். அதிபர் திறப்புகளைப் பொத்திப் பிடித்தபடி, ரயிலின் கடைசிப் பெட்டி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

வினோஜா வட்டக்கச்சிப் பிள்ளை. தகப்பன் சைக்கிள் கடை வைத்திருந்தவர். யுத்தத்தின் கடைசி மாதங்களில் முல்லைத்தீவுக் கரையில் தாயும் தகப்பனும் ஒரே நாளில் எறிகணையில் போய்விட்டார்கள். அவள் அப்போது சின்னப் பிள்ளை. தகப்பனின் தங்கை, அவளுடைய மாமி, அவளை எடுத்து வளர்த்தார். மாமியும் கணவனை இழந்தவர்தான். வகுப்பில் அவள் அதிகம் கதைக்கமாட்டாள். கணக்கை மட்டும் முதல் ஆளாக முடித்துவிட்டுப் பேனையை மூடிவைப்பாள்.

முதல் வெள்ளிக்கிழமை நான் ஒளியைத் தொடமாட்டேன். சத்தத்தோடு தொடங்குவேன். விளையாட்டு மைதானத்தின் இரு முனைகளிலும் இரண்டு பிள்ளைகளை ஆளுக்கொரு தகரத்தோடு நிறுத்தி, நான் கையைக் காட்டியதும் இருவரையும் ஒன்றாக அடிக்கச் சொல்வேன். நடுவில் நிற்பவனுக்கு ஒரு சத்தம் கேட்கும். ஒரு முனைக்குக் கிட்ட நிற்பவனுக்கு இரண்டு சத்தம், கிட்ட அடித்தது முந்தி, தூர அடித்தது பிந்தி. இதிலிருந்து கேட்டது வேறு, நடந்தது வேறு என்று விளங்கவைப்பேன். தூரத்தைச் சத்தத்தின் கதியால் பிரித்து, சத்தம் வந்த நேரத்திலிருந்து அதைக் கழித்தால் உண்மையில் எப்போது நடந்தது என்று வந்துவிடும்.

இந்தப் பாடத்தை வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்க ஒரு மணித்தியாலம் வேண்டும் என்று வெளியூர் ஆசிரியர்கள் சொல்வார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கவே தேவையில்லை. தூரத்தில் எறிகணை ஏவும் சத்தம் கேட்டதும் எண்ணத் தொடங்கி, எத்தனை எண்ணுவதற்குள் விழும், எந்தப் பக்கம் விழும் என்று சொல்லக்கூடிய பிள்ளைகள் அவர்கள். கழித்தல் அவர்களுக்குக் கணக்காக வந்து சேரவில்லை, உயிரைக் காப்பாற்றிய பழக்கமாகத்தான் வந்தது. அதனால்தான் இரண்டாவது வெள்ளிக்கிழமை அவர்கள் எல்லோரும் ஒரே குழியில் விழுந்தார்கள்.

அன்று ஒளியின் கதி மாறாது என்பதை முதலில் சொல்லிவிட்டு, கரும்பலகையில் படத்தைக் கீறினேன். நிலையத்தில் ஒருத்தி நிற்கிறாள். அவளைக் கடந்து ரயில் ஓடுகிறது, ரயிலின் நட்டநடுவில் இன்னொருத்தி இருக்கிறாள். ரயிலின் முன் முனையிலும் பின் முனையிலும் இரண்டு மின்னல் விழுகிறது. நிலையத்தில் நிற்பவள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள். இரண்டு வெளிச்சமும் அவளிடம் ஒன்றாக வந்து சேர்கிறது, ஒரே நேரத்தில் விழுந்தது என்கிறாள். ரயிலில் இருப்பவளோ முன்பக்கம் போய்க்கொண்டிருக்கிறாள். முன்பக்க வெளிச்சம் அவளை முந்திச் சந்திக்கிறது.

"அது சத்தம் மாதிரித்தானே சேர்" என்றாள் வினோஜா. "முந்தி வந்தது வேற, முந்தி நடந்தது வேற. அவா கழிச்சுப் பாத்தா ரெண்டும் ஒரே நேரம் எண்டு வரும்."

வகுப்பு முழுவதும் அவள் பக்கம்.

"சரி, கழிப்பம். ரயிலில இருக்கிறவவுக்கு முன் முனை எவ்வளவு தூரம்?"

"அரை ரயில் சேர்."

"பின் முனை?"

"அதுவும் அரை ரயில்."

"அவா அளக்கிற வெளிச்சத்தின்ர கதி?"

"ஒண்டுதான். ஆர் அளந்தாலும் ஒண்டுதான் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அப்ப ரெண்டிலயும் எவ்வளவைக் கழிப்பா?"

எழுதப்போன கை நின்றது. "ஒரே அளவு."

"ஒரே அளவைக் கழிச்சா?"

"முந்தி வந்தது முந்தித்தான் நிக்கும்" என்றாள் மெதுவாக. பிறகு தலையை நிமிர்த்தினாள். "கழிச்ச பிறகும் ரெண்டு பேருக்கும் ஒத்துவராது."

"ஒத்துவராது."

"அப்ப ஆர் சரி சேர்?"

"ரெண்டு பேரும் சரி."

"இல்லை சேர், உண்மையில எது முந்தி?"

"உண்மையில எண்டு தீர்ப்புச் சொல்ல மூண்டாவது ஆள் ஒருதரும் இல்லை."

ஒரு பொடியன் கோபத்தில் கொப்பியை மூடினான். எனக்கு அந்தக் கோபம் பிடிக்கும், பாடம் உள்ளே போய்விட்டது என்பதற்கு அது அடையாளம். வினோஜாவின் முகத்தில் கோபம் இல்லை. எல்லோரும் போன பிறகு மேசையருகே வந்து கேட்டாள். "அப்ப சேர், ரெண்டு சம்பவத்தில எது முந்தி, எது பிந்தி எண்டு ஆராலயும் சொல்லேலாத மாதிரியும் இருக்குமோ?"

"ஓம் பிள்ளை, இருக்கும்."

அவள் சிரித்து அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் கண்டேன். ஒரு பிள்ளைக்குப் பௌதிகவியலில் ருசி பிடித்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் ஆய்வுகூட வாசலில் நின்றாள். "சேர், ஒருக்கா எங்கட வீட்டை வந்து மாமிக்கு இதைச் சொல்லுவீங்களோ? நான் சொன்னா நம்பமாட்டா."

எதைச் சொல்ல என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள்.

கணவனுக்கு முன் போகும் மனைவி சுமங்கலியாகப் போகிறாள், குங்குமத்தோடு. பின்னால் போனால் கைம்பெண்ணாகப் போகிறாள், நெற்றியில் ஒன்றும் இல்லை. இது எங்கள் சனத்தின் கணக்கு. நாள் கணக்கில் பிந்தினாலும் அதுதான், நிமிடக் கணக்கில் பிந்தினாலும் அதுதான். அந்த நாளில் வினோஜா பங்கர்க் குழிக்குள் இருந்தபோது இரண்டு எறிகணை விழுந்தது. தகப்பன் கஞ்சி வரிசையில் நின்றார், தாய் தண்ணீருக்குப் போயிருந்தார். கஞ்சி கொடுத்த பக்கம் விழுந்த சத்தம் முந்திக் கேட்டது, ஒரு மூச்சு இடைவெளியில் தண்ணீர்ப் பக்கத்துச் சத்தம். பிறகு மாமி கேட்டபோது அந்தப் பிள்ளை கேட்டதைக் கேட்டபடி சொல்லிவிட்டது. மாமி அதை வைத்து அண்ணன் முந்தி, அண்ணி பிந்தி என்று முடிவு கட்டினார். வெளிநாட்டிலிருந்த உறவினர்கள் அனுப்பிய கலியாணப் படத்திலிருந்து தாயின் முகத்தைப் பிரித்துப் பெரிதாக்கியபோது, கிளிநொச்சி ஸ்ரூடியோவில் சொல்லிக் கணினியில் பொட்டை அழிப்பித்தும்விட்டார்.

"கலியாணத்தண்டு எடுத்த படம் சேர். அதில பொட்டில்லாமல் இருக்கிறா" என்றாள். "நான் சொன்னதாலதானே சேர். ஆராலயும் சொல்லேலாது எண்டு நீங்கள் வந்து சொன்னா, மாமி பொட்டை வைக்க விடுவா."

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் என் சொல்லைச் சரிபார்க்க ஒருவரும் இல்லை. ஒரு பொய்யில் ஒரு பொட்டு திரும்பி வந்திருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டது பொய்யை அல்ல, பௌதிகவியலை நம்பிக் கேட்டாள். மூன்றாவது வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்த பாடத்தை அந்தத் திங்கட்கிழமையே, அவள் ஒருத்திக்கு, ஆய்வுகூட வாங்கில் இருத்திச் சொன்னேன்.

எந்த இரண்டு சம்பவத்தை எடுத்தாலும் ஒழுங்கு இப்படி மாறும் என்றில்லை. ஓரிடத்திலிருந்து மற்ற இடத்துக்கு ஒளி போய்ச் சேரும் நேரத்தைவிட, இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரம் குறைவாக இருந்தால்தான் ஆளுக்கொரு ஒழுங்கு தெரியும். அதைவிடக் கூடினால், எவ்வளவு வேகமாக ஓடுபவனுக்கும் முன்னது முன்னதுதான், பின்னது பின்னதுதான். தண்ணீர்ப் பக்கத்துக்கும் கஞ்சி வரிசைக்கும் நடுவே சில நூறு மீற்றர் என்று வைத்தாலும், ஒளிக்கு அது செக்கனின் பத்து இலட்சத்தில் ஏதோ ஒன்றிரண்டு பங்கு. ஒரு மூச்சு அதற்கு முன்னால் ஒரு யுகம்.

"அப்ப ஒரு ஒழுங்கு இருந்தது" என்றாள்.

"ஓம். இருந்தது."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் கொப்பியைத் திறந்தாள். "அப்ப கழிச்சுப் பாப்பம் சேர். நான் கேட்டதுதானே அது. அம்மா தூரத்தில நிண்டிருந்தா அவாவின்ர சத்தம் பிந்தித்தானே வந்திருக்கும். கழிச்சா அவா முந்தி எண்டு வரலாம்."

அவள் சொன்னது சரி. பள்ளிக்கூட மைதானத்துத் தகரக் கணக்கேதான். நாங்கள் இருவரும் அந்த வாங்கில் இருந்து அதைச் செய்தோம். பங்கரைப் புள்ளியாக வைத்து, கஞ்சி கொடுத்த இடத்தை ஒரு பக்கம் குறித்தோம். அது எவ்வளவு தூரம் என்று அவளுக்கு ஓரளவு தெரியும், தகப்பனோடு நடந்து போயிருக்கிறாள். இரண்டு சத்தத்துக்கும் நடுவே எவ்வளவு என்றும் அவளுக்குத் தெரியும், எண்ணப் பழகிய பிள்ளை. தாயின் தூரம் மட்டும் வேண்டும்.

"தண்ணிக்கெண்டு போனவா சேர். போய்க்கொண்டிருந்தாவோ, திரும்பி வந்துகொண்டிருந்தாவோ தெரியாது."

"பிறகு அவாவை ஆர் கண்டது?"

"பெரியாக்கள் என்னைப் பாக்க விடேல்லை. கண்ட ஆக்களும் பிறகு மிஞ்சேல்லை."

ஒரு சமன்பாடு, ஒரு தெரியாக்கணியம். வேறெந்தக் கணக்கிலும் அது தீர்ந்துவிடும். இங்கே சமன்பாட்டில் முதலில் போட வேண்டியதே அந்தத் தூரத்தைத்தான், அதை அளந்து சொல்ல ஒருவரும் உயிரோடு இல்லை. தூரம் கூடினால் தாய் முந்தி, குறைந்தால் தகப்பன் முந்தி. அவள் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தாள். பிறகு பேனையை மூடி வைத்தாள். ஒழுங்கே இல்லை என்பது ஒன்று, அதில் ஒரு நிம்மதி உண்டு. ஒழுங்கு இருந்தது, அதை இனி எவராலும் அறியமுடியாது என்பது வேறொன்று. நான் அவளுக்கு இரண்டாவதைக் கொடுத்தேன். இத்தனை வருடப் படிப்பித்தலில் அதைவிடக் கொடுமையான ஒன்றை நான் எந்தப் பிள்ளைக்கும் கொடுத்ததில்லை.

இருந்தாலும் தெரியாது என்பதையாவது மாமிக்குச் சொல்லலாம் என்று புதன்கிழமைப் பின்னேரம் போனேன். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, முன்சுவர் இன்னும் பூசவில்லை. மாமி கதிரையை இழுத்துப்போட்டு, "இருங்கோ சேர்" என்றார். நெற்றியில் திருநீறு மட்டும். சுவரில் இரண்டு படங்கள். தாயின் படத்தைப் பார்த்தேன். கலியாணச் சேலை, நகை, மாலை, எல்லாம் இருந்தது. நெற்றியில் ஓரிடம் மட்டும் மற்றத் தோலைவிட வழுவழுப்பாக இருந்தது.

பிள்ளையின் காதில் விழுந்ததை வைத்து எது முந்தி என்று முடிவு சொல்ல முடியாது என்று, தகரக் கதையையும் சொல்லி, என்னால் முடிந்த அளவு விளக்கினேன். மாமி கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எனக்கும் அது தெரியும் சேர்" என்றார். "சின்னப் பிள்ளை கேட்டதை வைச்சு நான் முடிவெடுக்கேல்லை."

"பிறகேன் அம்மா?"

குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அங்கே வினோஜா தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். மாமி குரலைத் தாழ்த்தினார், ஆனால் கதவில்லாத குசினி அது.

"பிள்ளைக்கு எண்ணப் பழக்கினது ஆர்? அண்ணாதான். சத்தத்தை வைச்சு எங்க விழுந்தது, எவ்வளவு தூரம் எண்டு அந்த ஆள் சரியாச் சொல்லுவார். அண்ணி முந்திப் போயிருந்தா, அவருக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கும் சேர். தண்ணிப் பக்கம் எண்டு தெரிஞ்சிருக்கும். அவா தண்ணிக்குப் போனது தெரியும். அந்த ஒரு மூச்சு நேரம் அவர் என்னெண்டு நிண்டிருப்பார்?" சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "என்ர அண்ணா ஒண்டும் தெரியாமல் போனவர். அப்பிடித்தான் நான் வைச்சிருக்கிறன். பொட்டில்லாததுக்கு அண்ணி என்னை மன்னிப்பா. அவாவும் அவரில உயிரை வைச்சிருந்தவாதானே."

வினோஜா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, மாமியையும் பார்க்கவில்லை. நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். வழியில் வாய்க்கால் கட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அடுத்த நாள் அதிபர் ஆய்வுகூட யன்னலில் நின்றார். கேள்வி வரும் என்று காத்திருந்தேன், அது வரவில்லை. "வினோஜா வீட்டை போனனீங்களாம்" என்றார். நடந்ததைச் சொன்னேன். திறப்புகளைப் பொத்தியபடியே கேட்டார்.

"அதுதான் மாஸ்டர் சிலபஸ் எண்டு ஒண்டு வைக்கிறது" என்றார் கடைசியில். "அதுக்குள்ள நிண்டா ஒருதரும் அழமாட்டினம்."

அந்த மனிதரை நாங்கள் எவ்வளவு பகிடி பண்ணியிருப்போம். அவர் போகும்போதும் திறப்புகளை விடவில்லை. சத்தமில்லாமல் நடந்து போனார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமைக்கு வினோஜா வரவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் அவள் அந்தக் கதையை எடுத்ததும் இல்லை. பரீட்சையில் பௌதிகவியலில்தான் அவளுக்கு நல்ல பெறுபேறு, மற்றவை பல்கலைக்கழகத்துக்குக் காணாது. இன்னொருமுறை எடு பிள்ளை என்று வீடு தேடிப் போய்ச் சொன்னேன். மாமிக்குச் சலரோகம் முற்றியிருந்தது, ஆடைத் தொழிற்சாலைப் பேருந்து வாசலுக்கே வருகிறது என்றாள். அந்த வருடத்திலிருந்து விடிகாலை இருட்டில் அந்தப் பேருந்தில்தான் போய்வருகிறாள். நான் படிப்பித்த கெட்டிக்காரப் பிள்ளைகளில் பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். இங்கே இருப்பவர்களில் மிகக் கெட்டிக்காரி சேட்டுக்குக் கழுத்துப்பட்டி தைக்கிறாள். தையல் குறைந்த வேலை என்று நான் சொல்லவில்லை. இந்த மண்ணில் பௌதிகவியலுக்கு வேறு வேலை இல்லாமல் போனதைச் சொல்கிறேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் மாமி செத்துப்போனார். செய்தி எனக்குப் பிந்தித்தான் வந்தது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் ஒரு பின்னேரம் போனேன். வினோஜா வேலைக்கு லீவு போட்டிருந்தாள். சுவர் இப்போது பூசியிருந்தது. மூன்றாவது படமாக மாமியும் ஏறியிருந்தார். படங்களுக்கு மாலை போட்டு, கண்ணாடியின் மூலைகளில் சந்தனம் வைத்திருந்தாள்.

ஆசிரியப் புத்தி விடுமா? என் கண் நேரே தாயின் நெற்றிக்குத்தான் போனது. அந்த வழுவழுப்பான இடம் அப்படியே இருந்தது. கண்ணாடிக்கு மேல் ஒரு துளி குங்குமம் வைக்கக்கூட இனி அந்த வீட்டில் அவளைத் தடுக்க ஒருவரும் இல்லை. கீழே தட்டில் குங்குமச் சிமிழும் இருந்தது.

நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். தொலைபேசியை எடுத்து, அந்தக் கலியாணப் படத்தைத் திறந்து என்னிடம் நீட்டினாள். பெரிய வட்டப் பொட்டு. பக்கத்தில் சைக்கிள் கடைக்காரர், சிரிக்கத் தெரியாத சிரிப்போடு.

"உது உன்னட்டை எப்பவும் இருந்ததோ பிள்ளை?"

"ஓம் சேர்."

"பிறகேன் சுவரில வைக்கேல்லை? மாமியும் இல்லைத்தானே."

அவள் தொலைபேசியை வாங்கி அணைத்தாள். படத்துச் சந்தனத்தை விரலால் சரிசெய்தாள்.

"வைச்சா, அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார் சேர்" என்றாள்.